பெரிய மாப்பிள்ளையின் கடல்

தண்ணீர் கலங்கியிருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அது கலங்கிப் பல நாளாகிவிட்டது. வீட்டில் அதற்குப் பழகியும் விட்டார்கள். அன்று காலை பெரிய மாப்பிள்ளையை வாயில் பிரஷ்ஷோடு ஹால் நடுவே நிறுத்தி வைத்தது கலங்கல் அல்ல. கலங்கலுக்குள் இருந்த தெளிவு.

சுவரின் பாதியை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடித் தொட்டி முழுக்க, அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளை. இடது மூலையில் மட்டும், ஒரு தேங்காய் கொள்ளும் அளவுக்கு, யாரோ கரண்டியால் மொண்டு எடுத்ததுபோல் சுத்தமான இடம். அதன் நடுவில் அவருடைய நீல மீன் நின்றுகொண்டிருந்தது. உயிர் இருந்தது; செவுள் திறந்து மூடியது. கண்தான் சரியில்லை. குழம்பில் வெந்த மீனின் கண்போல அது வெளுத்துப் புடைத்திருந்தது. அவர் தொட்டியைச் சுற்றிப்போய் மறுபக்கம் பார்த்தார். அந்தக் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

அந்த மீனின் குணம் அவருக்குத் தெரியும். தொட்டியில் மொத்தமே இரண்டு மீன்கள். ஆரஞ்சு நிறத்தது முதலிலேயே பாறையிடுக்கில் நல்ல பொந்தாகப் பார்த்துக் குடியேறிவிட்டது. நீலம் வேறு பொந்து தேடவில்லை. எதிரே நின்று, நாள் முழுக்க, அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தீனி போட்டாலும் ஒரு கண் அங்கேதான். அந்தப் பார்வை தனக்கு எங்கோ பழக்கமானது என்று பெரிய மாப்பிள்ளைக்கு அடிக்கடி தோன்றும். எங்கே என்று மட்டும் பிடிபடாது. முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் அவசரமாகப் பார்க்கிறவர்.

அவரைப் பெரிய மாப்பிள்ளை என்று அழைப்பது அவர் மனைவி வீட்டார். மூத்த பெண்ணைக் கட்டியவர் என்பதைத் தவிர அந்தப் 'பெரிய'வுக்கு வேறு காரணம் கிடையாது. ஆனாலும் அவர் அதை ஒரு பதவியாகவே வகித்து வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் அவர் உட்கார்ந்திருந்த துணை மேலாளர் நாற்காலி வயதானால் போய்விடும். இந்தப் பதவிக்கு ஓய்வு கிடையாது. போட்டி மட்டும் உண்டு. இளையவளைக் கட்டிய சின்ன மாப்பிள்ளைதான் அந்தப் போட்டி. பல் டாக்டர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். பல் டாக்டர் சிரிப்பதுகூட விளம்பரத்துக்குத்தான் என்பது பெரிய மாப்பிள்ளையின் கருத்து.

சண்டை என்று இருவருக்கும் ஒன்றும் இருந்ததில்லை. எல்லாம் மாமனாரால் வந்தது. அந்தப் பெரியவர் யார் வீட்டுக்குப் போனாலும் செய்தித்தாளுக்குப் பின்னால் குடியிருப்பவர். பெரிய மாப்பிள்ளை இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கியபோதும் சரி, துணை மேலாளர் ஆனபோதும் சரி, அந்தத் தாள் ஒரு விரற்கடை தாழ்ந்ததில்லை. அப்படிப்பட்டவர், சின்ன மாப்பிள்ளையான சகலையின் வீட்டில் தாளை மடித்து ஓரமாகப் போட்டுவிட்டு, உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மாலை முழுக்க வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே பவளங்கள் பூப்போல விரிந்து விரிந்து மூடின. தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியாத தெளிவு.

"சின்ன மாப்ளை, இது வீடாய்யா? கடலைக் கொண்டாந்து கட்டிப் போட்டிருக்கீங்களே!"

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் அல்ல அது. கிளம்புவதற்கு முன் அவர் தொட்டியின் மேல் அலட்சியமாகச் சாய்வதுபோலச் சாய்ந்து, முழங்கையால் அதன் நீளத்தை அளந்துகொண்டார். அதைவிட ஒரு முழம் பெரிய தொட்டி அந்த மாதமே வீட்டுக்கு வந்து இறங்கியது.

"கல்லும் மண்ணும் போட்டுப் பொறுமையா விட்ருங்க சார். புதுத் தொட்டி தன்னால பக்குவப்படும்" என்றான் தொட்டிக் கடைக்காரன்.

"எவ்வளவு பொறுமையா?"

"அது தண்ணி மனசு வைக்கணும் சார்."

தண்ணீரின் மனசுக்காகக் காத்திருக்கும் நிலையில் துணை மேலாளர் இல்லை. பழகின தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அந்தக் கல்லின் துளைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்குமாம். அவைதான் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்குமாம். சகலையைக் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் பெரிய மாப்பிள்ளையால் தாங்க முடியாது.

வாய்ப்பு தானாக வந்தது. சகலை குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினார். சாவியை இவர் கையில் கொடுத்து, "மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்ருங்க சகலை. வேற யாரையும் நம்ப முடியல" என்றார். பெரிய மாப்பிள்ளை தீனியையும் போட்டார். பின்வரிசையில் மறைவாகக் கிடந்த ஒரு கல்லையும் எடுத்து மதிய உணவுப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. கல் முழுக்க ஊதா நிறத்தில் ஒரு பூச்சு. நோயாளிகளின் கடைவாய்ப் பல்லை அடையாளம் சொல்கிற மனிதருக்குத் தன் கல்லை அடையாளம் தெரியாதா? அவர் அதைச் சமையலறைத் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தார். ஊதா கரைந்து ஓடியது. துளைகளிலிருந்து நூல்நூலாகவும் கால்கால்களாகவும் என்னென்னவோ நெளிந்துகொண்டு வந்து நல்ல தண்ணீரில் துடித்து, வடிகாலில் இறங்கின. ஒரு துளையிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல. இன்னும் அழுத்தித் தேய்த்தார். சத்தம் நின்றது. குடியிருந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, எலும்புபோல வெளுத்த வீட்டை மட்டும் கொண்டுபோய்த் தன் தொட்டியின் நடுவில் வைத்தார்.

எல்லோரும் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

தண்ணீர் மறுநாளே பால் கட்டியது. கடைக்காரன் ஒரு பாட்டில் கொடுத்தான், பிறகு இன்னொன்று. பெரிய மாப்பிள்ளை தண்ணீரை மாற்றினார், மோட்டாரின் வடிகட்டிப் பஞ்சை மாற்றினார், வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். வெண்மை இன்னும் கெட்டியானது. ஹாலில் ஈரப் பாறையின் வாடையும், அதற்கு அடியில் வேறொரு வாடையும், நெடுநாள் மூடிக்கிடந்த வாயைத் திறந்ததுபோல் ஒன்று, எப்போதும் தங்கின. அலுவலகம் விட்டு வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன் உட்கார்ந்துவிடுவார். மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர் மனைவி காபியைக் கொண்டுவந்து வைப்பாள், அது ஆறும், எடுத்துக்கொண்டு போவாள்.

"எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்து ஹால்ல வெச்சிருக்கீங்க" என்றாள் ஒருநாள். "அவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, விளக்கு, குளியல். எனக்குப் புதுப் புடவை கட்டினா 'நகரு, மறைக்குது'ங்கிறீங்க."

"ம்" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் சிரித்தாள். அவருக்கு அது சிரிப்பாகத்தான் கேட்டது.

மீனின் கண் வெளுத்த அன்று மாலை மேல்வீட்டு எஞ்சினியர் வந்தார். மோட்டார் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர் அவர்.

"என்ன சார், எங்க தரையெல்லாம் ஒரு முனகல்? யாரோ அடிவயித்துலேர்ந்து..." அவர் தொட்டியைப் பார்த்துவிட்டார். பேச்சு நின்றது. "அடேயப்பா! இவ்ளோ பெருசா?"

"சும்மா, ஒரு பொழுதுபோக்கு" என்றார் பெரிய மாப்பிள்ளை, குரலைத் தேவைக்கு மேல் தணித்துக்கொண்டு.

"எங்க ஹாலும் இதே அளவுதான் சார். நாலு சுவர், ஒரு காலண்டர்." எஞ்சினியர் எச்சில் விழுங்கினார். அவர் குனிந்து, நெற்றி கண்ணாடியில் படும்படி நெருங்கினார். "கொடுத்து வெச்சவங்க சார் நீங்க. உங்களுக்குன்னு எல்லாம் அமையுது, பாருங்க..."

பெரிய மாப்பிள்ளை அந்தப் பேச்சில் நனைந்துகொண்டிருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. தண்ணீரில் ஓர் அசைவு. தொட்டியின் கோடியில் இருந்த வெண்மைகூடச் சோம்பலாகத் திரும்பி, அடுப்படியில் பால் வாடை பிடித்த பூனைபோல, எஞ்சினியரின் முகம் இருந்த பக்கமாக வந்து சேர்ந்தது. கண்ணாடியின் அந்த இடத்தில் குவிந்தது. கெட்டியானது. எங்கோ உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கேட்டது, மிக மெதுவாக, குழந்தை பாட்டிலில் பால் குடிப்பதுபோல. வெளுத்த கல்லின் பெரிய துளை அப்போது அறையைப் பார்த்திருந்தது. காலையில் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவருக்கு ஞாபகம்.

"தூசி ஏதோ விழுந்துடுச்சு" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே எஞ்சினியர் கிளம்பினார். புகார் மறந்துவிட்டது.

தொட்டியில் பாதி, பளிங்கு.

மறுநாள் லிஃப்டில் எஞ்சினியரைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி. மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பால் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு சார். ராத்திரிக்குள்ள" என்றார் எஞ்சினியர், லிஃப்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு. "டாக்டர் இப்படி ஒன்னைப் பார்த்ததே இல்லேங்கிறாரு."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும் சார்."

பெரிய மாப்பிள்ளைக்குக் கால் நடுங்கியது. அந்த நடுக்கம் உண்மையானது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் லிஃப்டிலிருந்து வீட்டு வாசல் வருவதற்குள் நடுக்கம் யோசனையாக மாறிவிட்டது. பார்த்து ஆசைப்பட்ட மீன். பார்த்து ஆசைப்பட்ட எஞ்சினியர். பார்க்கிறவனின் பொறாமை வழியாகத்தான் அந்த வெண்மை வெளியே போகிறது. அப்படியானால் தனக்கு ஒன்றும் ஆகாது; தன் தொட்டியைப் பார்த்துத் தானே பொறாமைப்பட முடியுமா? தன் மனைவிக்கும் ஆகாது. வீட்டுக்காரிக்கு வீட்டுச் சாமான் மேல் என்ன பொறாமை?

இதற்குள் தெளிந்த பாதியும் திரும்பக் கலங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார், மாமியார், சகலை, மைத்துனி எல்லோரும் வருகிறார்கள். தொட்டியைப் பார்ப்பதற்கென்றே அழைப்பு. வேண்டாம், உடம்பு சரியில்லை என்று ஒரு போன் போதும். போனைக் கையில் எடுத்தார். பெரியவர் தாளை மடித்து ஓரமாகப் போட்ட காட்சி கண்ணுக்குள் வந்தது. போனை வைத்தார். பார்வை போன பல் டாக்டர் என்ன செய்வார் என்கிற கேள்வியை அவர் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. சகலைக்கென்று ஒரு நாற்காலியைத் தொட்டிக்கு நேர் எதிரே, மிக அருகில், இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் செய்தார்.

ஞாயிறன்று சகலை ஒரு வாளியோடு வந்தார்.

"புதுத் தொட்டின்னதும் எனக்கு இதுதான் தோணுச்சு" என்று மூடியைத் திறந்தார். உப்புத்தண்ணீரில் ஊதாப் பூச்சோடு ஒரு கல். "என் தொட்டியிலேயே நல்ல கல்லு இதுதான். வெச்சுக்கோங்க சகலை. பின்வரிசைல ஒன்னு காணோம், இல்லேன்னா அதையும் கொண்டாந்திருப்பேன். உடைஞ்சு மண்ணோட போயிருச்சோ என்னமோ."

பெரிய மாப்பிள்ளைக்கு முகம் இறுகியது. "உக்காருங்க முதல்ல. பாருங்க."

சகலை உட்கார்ந்தார். குனிந்தார். முகம் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில்.

பெரிய மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். "உங்களுதைவிட ஒரு முழம் நீளம். கண்ணாடி வெளிநாடு. விளக்கு மட்டுமே..."

"பார்த்தாலே தெரியுது. பிரமாதம் சகலை!"

வெண்மை திரும்பவில்லை.

"உங்க வீட்டுச் சுவர்ல இது நிக்காது. இடம் பத்தாது."

"பத்தாதுதான்" என்று சகலை சிரித்தார். "அதான் இங்க வந்து பார்த்துக்கலாமே. கலங்கலைப் பத்திக் கவலைப்படாதீங்க. எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு. உள்ள கையை விடாம இருந்தா தானா அடங்கிரும்." அவர் கண்ணில் இருந்தது நல்ல மனசு மட்டும்தான். ஒரு துளி, ஒரே ஒரு துளி பொறாமைகூட இல்லை. பெரிய மாப்பிள்ளை தேடித் தேடிப் பார்த்தார். இத்தனை வருடங்களாகத் தான் ஓடிக்கொண்டிருந்த பந்தயத்தில் வேறு யாருமே ஓடவில்லை என்று தெரிவதைப்போல் ஓர் அவமானம் உலகத்தில் கிடையாது.

மாமனார் செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளை, பால் வியாபாரம் ஆரம்பிச்சிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனி, "அப்பா, சும்மா இருங்க. அத்தான் முகத்தைப் பாருங்க" என்று சொல்லி, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். தாள் உயர்ந்து பெரியவரை மறைத்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள், மாமனார் இடது கையில் தாளோடு. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஹால் தெரியாது. நடுவில் ஒரு சுவர். பெரிய மாப்பிள்ளையின் காது மட்டும் அங்கே இருந்தது. மோட்டாரின் முனகல். தண்ணீர் விளிம்பில் வழிந்து இறங்கும் களகளப்பு. அவர் மனைவி பரிமாறினாள். அன்று அவள் கரும்பச்சையில் ஒரு புடவை கட்டியிருந்தாள். தலையில் பூவும் இருந்தது.

"அக்கா, இந்தக் கலர் உனக்கு என்னமா எடுக்குது!" என்றாள் மைத்துனி.

"உங்க அத்தானைக் கேளு" என்றாள் அவள். "ஏங்க, நல்லாருக்கா?"

"ஹால்ல பெரிய விளக்கு எரியுதா?" என்றார் அவர்.

மைத்துனி தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"பார்த்துட்டு வரேன்" என்றாள் அவள். கரண்டியை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். போனாள்.

சகலை ஏதோ ஒரு நோயாளியின் கதையைத் தொடங்கினார். யாரோ சிரித்தார்கள். பெரிய மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். விளக்கின் சுவிட்ச் சத்தம் கேட்டது. பிறகு அவள் திரும்பி வரும் காலடி கேட்க வேண்டும். கேட்கவில்லை. அவள் தொட்டியின் முன் நிற்கிறாள். அவர் தினமும் உட்கார்ந்திருக்கும் இடத்தில். அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததை, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அதை எப்படிப் பார்ப்பாள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

மோட்டாரின் முனகல் நின்றது.

அந்த அமைதியில், மெதுவாக, உறிஞ்சுகிற சத்தம்.

அவர் எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. "என்ன மாப்ளை?" என்றார் மாமனார். பெரிய மாப்பிள்ளை சோற்றுக் கையோடு சுவரைச் சுற்றி ஓடினார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

தொட்டியில் தண்ணீரே இல்லாததுபோல் இருந்தது. அப்படி ஒரு தெளிவு. ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரிந்தது. கல்லின் ஒவ்வொரு துளையும். சகலை வீட்டில் பார்த்ததெல்லாம் இதன் முன் சாக்கடை.

"அடடா!" என்றார் மாமனார். தாள் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "மாப்ளை... பெரிய மாப்ளை... இதுதான்யா கடல்!"

சகலை கை தட்டினார். மனசாரத் தட்டினார்.

பெரிய மாப்பிள்ளையின் நெஞ்சு நிறைந்தது. ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சு நேரமும் அவர் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அவளைப் பார்த்தார்.

கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். பச்சைப் புடவை. அசையவில்லை.

"இந்தா" என்றார். "இந்தாம்மா. இப்படித் திரும்பு."

அவள் திரும்பினாள். அவர் குரல் வந்த பக்கத்துக்கு, கொஞ்சம் தப்பி. முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. இரண்டு கண்களிலும் பால் விளிம்பு வரை நிறைந்திருந்தது. இடது கண்ணின் வெள்ளைக்குள், ஆழத்தில், நூல்போல் இரண்டு மெல்லிய கால்கள் மெல்ல நீண்டு, நல்ல இடமாகத் தேடித் துழாவின.

பெரிய விளக்கு உச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அவள் காற்றில் கையை நீட்டி அவர் முகத்தைத் தேடினாள்.

"ஏங்க... லைட்டை ஏன் அணைச்சீங்க?"